கிளிநொச்சிப் பிள்ளைக்கு எது: கொழும்பா, யாழ்ப்பாணமா?

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்ததும், தொழிலோ கலையோ பழகப் பிள்ளையை எங்கே அனுப்புவது என்று வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளின் வீடுகளில் எழும் கேள்வி இது.

நிதித்துறை என்றால் கொழும்புதான், மறுபேச்சில்லை. 1982இல் நாடாளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுரத்துக்குப் போனது, பணம் போகவில்லை. 1950இல் தொடங்கிய மத்திய வங்கியும், உலக வர்த்தக மையத்திலுள்ள பங்குச் சந்தையும் கொழும்புக் கோட்டையில் நடந்து போகும் தூரத்தில் நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் இருப்பவை பெரும்பாலும் கிளைகள். அங்கே கடன் விண்ணப்பத்தை வாங்கிச் சரிபார்க்கப் பழகலாம். பெரிய தொகை என்றால் கோப்பு கொழும்புக்குத்தான் ஏறும். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்த்துப் பழகுவதே பெரிய படிப்பு.

செலவில் யாழ்ப்பாணம் வெல்லும். விடிய பஸ் ஏறினால் பின்னேரம் வீடு, வயலையும் பார்க்கலாம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கட்டில் போடும் அறை வாடகையே புதுச் சம்பளத்தைக் கரைத்துவிடும்.

கலை என்று வந்தால் கொழும்பைக் குறைத்து மதிப்பிடுகிறோம். 1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகம், 1942இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம், ஆடிவேல் திருவிழா எல்லாம் அங்கே உண்டு. ஆனாலும் மிருதங்கமோ நாதஸ்வரமோ முறையாகக் கற்க யாழ்ப்பாணம்தான். நல்லூர்க் கந்தசாமி கோயிலின் 25 நாள் திருவிழாவே ஒரு பள்ளிக்கூடம். (வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மட்டும் இரண்டு ஊராரும் எங்கள் வன்னிக்குத்தான் வரவேண்டும்.)

கணக்காய்வு, வங்கி என்று ஆசைப்படும் பிள்ளையை நான் கொழும்புக்கே அனுப்புவேன், சிங்களமும் பழகட்டும். இசை, நடனம் என்றால் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிடுவேன்.