வென்டிலேட்டர் ஹியூமிடிஃபையர்: சேலத்து வெயிலிலும் ஏற்காட்டுக் குளிரிலும்

சேலத்தில் ஐ.சி.யூ. செவிலியராகப் பல ஆண்டுகளாக, வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாச இயந்திரம் தள்ளும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் ஹீட்டட் ஹியூமிடிஃபையரைக் கையாண்டு வருகிறேன். மூச்சுக்குழாயில் ட்யூப் போட்ட நோயாளிக்கு மூக்கும் தொண்டையும் செய்யும் வேலையை இக்கருவிதான் செய்தாக வேண்டும். 37 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவி என்பது முழு ஈரம்.

ஆனால் திரையில் தெரியும் எண் வெப்பத்தைத்தான் சொல்கிறது, ஈரத்தை அன்று. சித்திரை வெயிலில் ஏ.சி. சரியாக எட்டாத மூலைப் படுக்கையில், அறைக்காற்றை இழுத்துக்கொள்ளும் டர்பைன் வகை வென்டிலேட்டர் ஓடும்போது, காற்று ஏற்கெனவே சூடாக வருவதால் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் தட்டு அடங்கிவிடுகிறது. தண்ணீர் குறைவாகவே ஆவியாகிறது, திரையோ வழக்கமான எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட நாள்களில் சளி கோந்துபோல் இறுகி, சளியை உறிஞ்சும் சக்ஷன் கதீட்டர் ட்யூபுக்குள் பிடித்துப் பிடித்து இறங்கும். ஆகவே நான் முதலில் பார்ப்பது, ட்யூபை வென்டிலேட்டர் குழாயுடன் இணைக்கும் கதீட்டர் மவுண்டின் உட்சுவரில் மெல்லிய நீர்த்துளிகள் படிந்திருக்கின்றனவா என்பதையே. ஹியூமிடிஃபையருக்கு நீர் தரும் ஸ்டெரைல் வாட்டர் பாட்டில் வழக்கத்தைவிட அதிக நேரம் தீராமல் இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

ஏற்காட்டில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், தொல்லை நேர்மாறானது. ட்ரக்கியாஸ்டமியுடன் (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் வைத்த ட்யூபுடன்) வீட்டு வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு பெரியவரைப் பார்க்கச் சென்றபோது, “ராத்திரியெல்லாம் குழாயில கொடகொடன்னு சத்தம் வருது சிஸ்டர்” என்றார் அவருடைய மகள். உள்ளே சூடுதரும் ஹீட்டர் வயர் இல்லாத சர்க்யூட் (வென்டிலேட்டர் குழாய்த் தொகுப்பு), மார்கழிக் குளிர், சன்னலோரக் கட்டில். நீராவி குளிர்ந்து குழாயில் தேங்கிய நீர் அலையும்போது நோயாளியே மூச்சிழுப்பதாக எண்ணி இயந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. கட்டிலை உட்புறம் நகர்த்தி, குழாய் நீரைச் சேகரிக்கும் வாட்டர் ட்ராப்பைத் தாழ்ந்த இடத்தில் தொங்கவிட்டு, தேங்கும் நீரை நோயாளியின் பக்கம் சாய்க்காமல் வெளியேற்றக் காட்டிக்கொடுத்தேன். கொதிக்கவைத்த கிணற்றுநீரை ஊற்றலாமா என்றும் கேட்டார். கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது, தட்டில் படிந்துவிடும் என்பதால் வேண்டாம் என்றேன்.

நோயாளி வெளிவிடும் மூச்சின் வெப்பத்தையும் ஈரத்தையும் பிடித்து அடுத்த மூச்சுக்குத் தரும் எச்.எம்.இ. ஃபில்டர் அறுவை சிகிச்சைக்குப்பின் குறுகிய காலத்துக்குப் போதும். கெட்டிச் சளியோ இரத்தமோ வந்தால் அது உதவாது. ஹியூமிடிஃபையருடன் சேர்த்துப் போட்டால் நனைந்து காற்றையே மறிக்கும்.

புதிதாக வாங்குவோர் கருவியின் விலையை மட்டும் பார்க்காமல், மூச்சு உள்ளே போகும், வெளியே வரும் இரு குழாய்களிலும் ஹீட்டர் வயர் உள்ள சர்க்யூட்டும், தானே நீர் நிரப்பிக்கொள்ளும் சேம்பரும் (தண்ணீர்க் கலனும்) உள்ளூரில் தடையின்றிக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கருவி பழுதானதைவிட, சேம்பர் வந்து சேராமல் காத்திருந்ததே அதிகம்.