மணி பிளாண்ட் துண்டு: தண்ணீரிலா, தொட்டியிலா?

எதில் வைத்தாலும் வெட்டும் இடம்தான் முக்கியம். கொடியில் இலை கிளம்பும் கணுவுக்கு அடியில் பழுப்பாக ஒரு சிறு புடைப்பு இருக்கும். வேர் வருவது அங்கிருந்துதான். அதற்கு அரை அங்குலம் கீழே வெட்டுங்கள். கணு இல்லாத இலைக்காம்பு வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும், கொடியாகாது.

தண்ணீரில் கணு முங்கினால் போதும். இலை முங்கினால் அழுகும். இரண்டு வாரத்தில் வெள்ளை வேர் கண்ணுக்குத் தெரிவது பெரிய வசதி. ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில் ஜன்னலோரப் பாட்டில் சூடேறும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்து, தண்டு கொழகொழத்து நாறும். மூன்று நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றி, பாட்டிலை நிழலில் வையுங்கள். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்கு மேல் நீளவிட்டால், தண்ணீருக்குப் பழகிய வேர் மண்ணில் திணறும், இலை மஞ்சளாகும்.

தொட்டிக்கு, கழுவி உப்பு நீக்கிய தேங்காய் நார்க்கழிவு 2 பங்கு, மணல் 1 பங்கு. மூன்று நான்கு வாரம் ஆகும். இடையில் பிடுங்கிப் பார்த்தால் இளவேர் அறுந்துவிடும், பாவம். புதுத்துளிர் வந்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

சேலத்துக்குத் தொட்டியே நல்லது. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், மார்கழிக் குளிரில் தொட்டி ஈரம் லேசில் காயாது, தண்டு அழுகும். அங்கே அடுப்படி ஜன்னலில் பாட்டில்தான்.