வெப்கேம் தளங்களுக்கான ஆட் நெட்வொர்க்குகள்: ஆறு வருட அனுபவம்

வயது வந்தோருக்கான வெப்கேம் தளங்களுக்கு விளம்பரம் வாங்கி, அதன் வழியாகப் பார்வையாளர்களை அனுப்புவதுதான் என் வேலை. 2019-லிருந்து சைப்ரஸில் ஒரு சின்ன அலுவலகத்தில் செய்கிறேன். கூகுளும் மெட்டாவும் இந்த விளம்பரங்களை ஏற்பதில்லை. அதனால் இதற்கென்றே இருக்கும் ஆட் நெட்வொர்க்குகளை, அதாவது பல தளங்களின் விளம்பர இடங்களை விற்கும் இடைத்தரகர்களைத்தான் நம்ப வேண்டும். எதை நம்புவது என்று தெரிய எனக்கு நிறையப் பணமும் நாளும் செலவானது.

ஆரம்பத்தில் விலையை மட்டும்தான் பார்த்தேன். ஒரு நெட்வொர்க்கில் பாப்அண்டர், அதாவது பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்துக்குப் பின்னால் திறக்கும் விளம்பரம், மற்ற இடங்களில் கேட்டதில் பாதி விலைக்குக் கிடைத்தது. இரண்டே இரவில் 300 டாலர் போனது. ஒருவர்கூடப் பதிவு செய்யவில்லை. வருபவர்களைப் பின்தொடர்ந்து கணக்கு வைக்கும் மென்பொருளான டிராக்கரைத் திறந்து பார்த்தால், வந்தவர்களில் பெரும்பகுதி ஒரே பிரவுசர் பதிப்பு, பக்கத்தில் ஒரு வினாடிகூட நிற்கவில்லை. மனிதர்களே இல்லை, பாட்கள், அதாவது தானியங்கி நிரல்கள். எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று கேட்டேன். அந்த விவரத்தை யாருக்கும் தருவதில்லை என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து எந்த நெட்வொர்க்கிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஜோன் ஐடி தருவீர்களா? ஒவ்வொரு விளம்பர இடத்துக்கும் ஒரு எண் உண்டு. விளம்பர இணைப்பிலேயே அந்த எண் சேர்ந்து வந்தால் டிராக்கர் அதைக் குறித்துக்கொள்ளும். அந்தப் பக்கம் வெப்கேம் தளம், ஒருவர் பதிவு செய்ததும் அல்லது டோக்கன் (தளத்துக்குள் செலவழிக்கும் நாணயம்) வாங்கியதும், சர்வரிலிருந்து சர்வருக்கு ஒரு தகவல் அனுப்பும். போஸ்ட்பேக் என்பது இதுதான். இரண்டும் சேர்ந்தால்தான் எந்த இடத்தில் போட்ட காசு திரும்பி வந்தது என்று தெரியும். ஆயிரம் காட்சிக்கு 1 டாலர் என்றால் 100 டாலருக்கு ஒரு லட்சம் முறை பக்கம் திறக்கும். அந்த ஒரு லட்சத்தில் எது நல்லது, எது குப்பை என்று பிரிக்க முடியாவிட்டால், பாதி விலைக்குக் கிடைத்ததில் என்ன லாபம்? ஒரு பதிவுக்கு வெப்கேம் தளம் எனக்குத் தரும் தொகையைப் போல மூன்று மடங்கு செலவாகியும் ஒரு பதிவுகூட வராத ஜோனை மூடிவிடுவேன். இரண்டு வாரத்தில் மிஞ்சுபவற்றை மட்டும் தனிப் பட்டியலாக்கி, அவற்றுக்கு விலையை ஏற்றுவேன். என் வருமானம் முழுக்க அந்தப் பட்டியலிலிருந்துதான் வருகிறது.

பெயர் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். எக்ஸோகிளிக் 2006-இல் பார்சிலோனாவில் தொடங்கியது. பல ஆயிரம் தளங்களின் இடங்களைச் சேர்த்து விற்கிறார்கள், அதனால் முதல் சோதனைக்கு நல்ல அகலம் கிடைக்கும். டிராஃபிக்ஜங்கியில் போர்ன்ஹப் மற்றும் அதன் சகோதரத் தளங்களின் இடங்கள் கிடைக்கும். விளம்பரம் எங்கே தெரியும் என்ற சந்தேகம் அங்கே குறைவு. ஜூஸிஆட்ஸில் ஒரு குறிப்பிட்ட தளத்தின் ஒரு பேனரை இத்தனை நாளுக்கு என்று வாடகைக்கு எடுக்கலாம். புதிதாக வருபவருக்கு இது நிம்மதி, எவ்வளவு போகும் என்று முன்பே தெரியும்.

விளம்பர வகையைப் பொறுத்தவரை, பாப்அண்டரில் கூட்டம் வரும், வாங்குபவர் குறைவு. கட்டுரைப் பரிந்துரை போலத் தெரியும் நேட்டிவ் விளம்பரத்தில் கிளிக் விலை கூடுதல், ஆனால் வருபவர் தானே விரும்பி வந்தவர். வெப்கேம் தளத்தில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. பார்ப்பது இலவசம், காசு போடுவது மிகச் சிலர். அந்தச் சிலர் மாதக்கணக்கில் போடுவார்கள். அவர்கள் போடும் காசில் எனக்கு ஒரு பங்கு வரும் வருமானப் பங்கு முறையை எடுத்தால் பலன் தெரிய நான்கைந்து மாதம் ஆகும். அதனால் புது நெட்வொர்க்கைச் சோதிக்கும்போது பதிவுக்கு இவ்வளவு என்று தரும் முறையை வைத்துக்கொள்வேன், மூன்று நாளில் விடை தெரியும். நெட்வொர்க் தேறிய பிறகு வருமானப் பங்குக்கு மாறுவேன்.

அப்புறம் பணம் கட்டும் வழி. 2022 ஆகஸ்டில் விசாவும் மாஸ்டர்கார்டும் டிராஃபிக்ஜங்கியில் தங்கள் கார்டுகள் மூலம் விளம்பரம் வாங்குவதை நிறுத்தின. இந்தத் துறையில் எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும் ஒரே நாளில் கதவு மூடலாம் என்று அப்போதுதான் புரிந்தது. எந்த நெட்வொர்க்கிலும் ஒரு வாரச் செலவுக்கு மேல் முன்பணம் வைப்பதில்லை.

சமீபத்திய பெரிய மாற்றம் வயதுச் சரிபார்ப்பு. அமெரிக்காவில் லூசியானா மாநிலம் இதற்கான சட்டத்தை 2023 ஜனவரியில் தொடங்கிவைத்தது, பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் டெக்சாஸ் சட்டத்தை ஏற்றது. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் கட்டாயம். என் பிரிட்டன் பதிவுகள் நன்றாகவே குறைந்தன. ஆனாலும் இந்தச் சட்டங்களின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை, சிறுவர்கள் இந்தப் பக்கங்களுக்கு வரக்கூடாது. நடைமுறையில், மாநில அளவில் இலக்கு வைக்க விடாத நெட்வொர்க்கை அமெரிக்காவுக்கு நான் இப்போது பயன்படுத்துவதில்லை.

விளம்பரப் படங்களைப் பரிசீலிக்கும் குழு எப்படி என்பதும் எனக்கு முக்கியம். கேமரா முன் இருப்பவர்கள் உழைப்பாளிகள். அவர்கள் படத்தை எங்கிருந்தோ எடுத்து, பக்கத்துத் தெருவில் இருக்கிறாள் என்று பொய் எழுதிப் போடுபவர்கள் நிறைய. வெப்கேம் தளமே தரும் படங்களைத் தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. திருட்டுப் படத்தையும் போலி அரட்டைப் பெட்டியையும் கண்டுபிடித்து நிராகரிக்கும் நெட்வொர்க்கில் ஒப்புதலுக்கு ஒரு நாள் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை, அங்கேதான் தங்குகிறேன்.

ஊரிலிருந்து செய்யலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆம் பிரிவில் ஆபாசப் பொருளை மின்னணு முறையில் வெளியிட்டால் முதல் முறையே 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டும் பொருளுக்கான 67ஏ பிரிவில் 5 ஆண்டு வரை, 10 லட்சம் வரை. இந்தியாவிலிருந்து வரும் பார்வையாளர்களையும் என் பிரசாரங்களில் முழுக்க அடைத்தே வைத்திருக்கிறேன்.

இப்போது மூன்று நெட்வொர்க் வைத்திருக்கிறேன். இரண்டில் பழைய ஜோன் பட்டியல் ஓடுகிறது, மூன்றாவதில் ஜெர்மனிக்கு நேட்டிவ் சோதனை, நாளுக்கு 20 டாலர்.