லைட் உப்பு வாங்கலாமா? டாட்டா சால்ட் லைட், சூப்பர் லைட்: ஒரு அலசல்

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் இருக்கும் வீட்டில் மளிகை லிஸ்ட்டில் சீக்கிரமே வந்து சேர்வது இந்த உப்பு. சாதா உப்பைவிட லைட்டில் 15%, சூப்பர் லைட்டில் 30% சோடியம் குறைவு. குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். விலை சாதா உப்பைவிடக் கூடுதல்.

சாம்பார், ரசம், புளிக்குழம்பில் வித்தியாசம் பிடிபடாது. புளியும் காரமும் மூடிவிடும். மோர், தயிர் சாதம், வெள்ளரிப் பிஞ்சு என்று பச்சையாகத் தூவும் இடத்தில்தான் பொட்டாசியத்தின் லேசான கசப்பு நாக்கில் நிற்கும். சூப்பர் லைட்டில் இது கொஞ்சம் தூக்கல். உப்பை அள்ளிப் போடும் ஊறுகாய்க்கு இது சரிவராது.

பலன் உண்டா என்றால், உண்டு. சீனக் கிராமங்கள் 600-இல் சுமார் 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. பக்கவாதம் வந்தவர்களும், பிரஷர் உள்ள 60 வயதைத் தாண்டியவர்களும்தான் அதில் இருந்தார்கள். கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14% குறைந்தது. அந்தக் கலவைக்குப் பக்கத்தில் வருவது சூப்பர் லைட்தான். லைட்டின் 15% சுமார் ரகம்.

சுமார் என்பதற்குக் காரணம் கணக்கு. 'உப்பு உறைக்கலையே' என்று லைட்டை ஆறில் ஒரு பங்கு கூடுதலாகப் போட்டாலே சோடியம் பழைய அளவுக்கு வந்துவிடும். கொடுத்த காசு வீண். கல் உப்பிலிருந்து மாறுபவர்களுக்கு இன்னொரு கண்ணி: கல் உப்பில் இடைவெளி அதிகம், தூள் உப்பு நெருக்கமாக அடையும். அதே ஸ்பூனில் அள்ளினால் எடை கூடிவிடும். கைக்கணக்கை விட்டுவிட்டு, முதல் இரண்டு வாரமாவது தலை தட்டிய டீஸ்பூனில் அளந்து போடுங்கள். கரித்தால் அடுத்த நாள் கால் ஸ்பூன் குறையுங்கள். நாக்கு பழகச் சில வாரம் ஆகும்.

சரிபார்க்க எளிய வழி: பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது. நான்கு பெரியவர்களுக்கு 20 கிராம்; ஒரு கிலோ 50 நாள் வரவேண்டும். அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், ஹோட்டல் சாப்பாடு எல்லாம் தனிக்கணக்கு என்பதால் இன்னும் நீண்டே ஓடவேண்டும். முப்பதாவது நாளே அடுத்த பாக்கெட் பிரிகிறதென்றால் உப்பின் ரகத்தை மாற்றி ஆவது ஒன்றுமில்லை. (அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான்.)

இதற்குப் பதில் இந்துப்பு போதுமே என்பவர்கள் பாக்கெட்டின் பின்பக்கம் பார்க்கட்டும். சாதா உப்பில் 100 கிராமுக்குச் சோடியம் 38, 39 கிராம். இந்துப்பிலும் ஏறக்குறைய அவ்வளவே. அயோடின் சேர்க்காத இந்துப்பு என்றால் அதுவும் போச்சு.

இனி, யாருக்கு ஆகாது என்பது. கிட்னி பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் சரியாக வெளியேறாது. ரத்தத்தில் தேங்கினால் இதயத்துடிப்பே தடுமாறும். டெல்மிசார்டான், லோசார்டான் போல 'சார்டான்' என்று முடியும் மாத்திரைகள், ராமிபிரில் போல 'பிரில்' என்று முடிபவை, ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவையும் பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைப்பவை. வேடிக்கை என்னவென்றால், இந்த உப்பைத் தேடி வாங்கும் பிரஷர்காரர்களில் பலர் சாப்பிடுவது இவற்றில் ஒன்றைத்தான். மாத்திரையை நிறுத்தவேண்டாம், கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டரிடம் கேட்டபிறகு உப்பை மாற்றுங்கள். பல வருடச் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இதுவே. கிட்னி பாதிப்பு அறிகுறி காட்டாமலே இருக்கலாம். இவ்வகை உப்பு பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2025 பரிந்துரையும் பெரியவர்களுக்கு மட்டும்தான். கர்ப்பிணிகள், குழந்தைகள், கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாம்பார்தான் கொதிக்கிறது. அதில் ஒருவருக்கு ஆகாது என்றாலும் சாதா உப்பையே வைத்துக்கொண்டு அளவைக் குறையுங்கள்.