கால் உயரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்: என் ரைஃபிளின் பைபாட்

நியூ சவுத் வேல்ஸில் டப்போவுக்கு மேற்கே ஒரு செம்மறிப் பண்ணைக்கு மாதம் ஒரு தடவை போய் வருகிறேன். பிறந்த ஈரம் காயாத குட்டிகளைக்கூட அங்கே காட்டுப்பன்றிகள் தின்றுவிடும். அந்தப் பன்றிகளையும், பட்டியிலிருந்து தப்பிப் புதர்க்காட்டில் பெருகிவிட்ட வெள்ளாடுகளையும் சுடப் பண்ணைக்காரர் அனுமதி கொடுத்திருக்கிறார். என்னிடம் இருப்பது .308 தோட்டாவுக்கான, ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் தோட்டா ஏற்றுகிற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். அதன் முன்பக்கத்தைத் தாங்க நான் முதலில் வாங்கிய பைபாட் (இரண்டு கால் தாங்கி) தப்பானது. அதற்கான வலியை ஓர் ஆடு அனுபவித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இணையத்தில் மலிவாகக் கிடைத்தது அது. கால் உயரம் 6 முதல் 9 அங்குலம், கால்கள் நிற்கும்போது மேலே ரைஃபிளை மட்டும் பக்கவாட்டில் சாய்த்து நேராக்க முடியாத வகை. சுட்டுப் பழகும் ரேஞ்சில் சமதளத் திண்டின் மேல் அசையாமல் நின்றது. பண்ணையில் ஒரு சரிவில் படுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. தரை எந்தப் பக்கம் சரிந்ததோ ரைஃபிளும் அந்தப் பக்கமே சரிந்தது. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் கீழ்ப்பாதி முழுக்கப் புல். ஒரு கையால் ரைஃபிளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, 180 மீட்டரில் நின்ற கிடாயைச் சுட்டேன். நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் பட்டது. ரத்தத் தடத்தைப் பிடித்துப் போய் அதைக் கண்டுபிடித்து முடித்துவைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்தக் குண்டைச் சுட்டிருக்கவே கூடாது. அன்று ராத்திரி பைபாடைக் கழற்றிப் பார்த்தேன், காலைப் பூட்டும் திருகு பாதி கழன்றிருந்தது.

அடுத்ததை வாங்கும் முன் இஞ்ச் டேப்போடு பண்ணைக்கே போனேன். வழக்கமாகப் படுக்கிற மேட்டில் படுத்து, ரைஃபிளை முதுகுப்பையின் மேல் வைத்து, புல்லுக்கு மேலே பார்வை தெளியும்வரை பையை உயர்த்தினேன். தரையிலிருந்து ஸ்டாக்கின் (குழலைத் தாங்கும் உடல்கட்டையின்) அடிப்பாகம்வரை 11 அங்குலம் வந்தது. அந்த ஒரு எண் கையில் இருந்ததால் கடையில் பாதி சரக்கைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அட்லஸ் பைபாடின் வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். கால்களை முன்பக்கமாக 45 டிகிரியிலும் நிறுத்தலாம். ஆனால் வி8 மாடல் 9 அங்குலத்தோடு நின்றுவிடும், விலையும் அதிகம். மேக்புல் நிறுவனத்து பைபாட் லேசானது, பக்கவாட்டில் சாயும், இடம் வலமாகத் திரும்பவும் செய்யும். அதுவும் 10 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டுவதோடு சரி. ரேஞ்சில் சுடுகிறவர்களுக்கு இரண்டுமே நல்ல பைபாட்தான். எனக்கு வேண்டியது புல்வெளிக்கு.

கடைசியில் ஹாரிஸ் எஸ்-எல்எம் வாங்கினேன். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து பார்லோவில் செய்கிறார்கள். உயரம் 9 முதல் 13 அங்குலம். பெயரில் உள்ள 'எஸ்' என்றால் பக்கவாட்டில் சாயும் வகை என்று அர்த்தம். அந்த எழுத்து இல்லாத மாடல் விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள், சரிவில் படுக்கும்போது அந்த 'எஸ்'ஸின் அருமை தெரியும். கால்களில் அங்குலத்துக்கு ஒரு வெட்டு இருக்கிறது. கீழே இழுத்தால் டக்கென்று வெட்டில் உட்காரும், விரலால் அழுத்தினால் ஸ்பிரிங் உள்ளே இழுத்துக்கொள்ளும். கண் ஸ்கோப்பிலேயே இருக்க, கை மட்டும் கீழே போய் இடது காலை ஒரு வெட்டு ஏற்றிவிட முடிகிறது. ஸ்டாக்கில் தோள்வார் மாட்டுகிற கொண்டியிலேயே இது மாட்டிக்கொள்ளும். தோள்வாருக்கும் பைபாடிலேயே ஒரு துளை இருக்கிறது.

மாட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. என் ரைஃபிளின் ஸ்டாக் பிளாஸ்டிக். குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஓர் ஐந்து டாலர் நோட்டை விட்டால் தாராளமாக ஓடும். பைபாடில் நிறுத்தி, தோளால் முன்பக்கம் கொஞ்சம் அழுத்திக்கொண்டு, மனைவியிடம் நோட்டை விட்டுப் பார்க்கச் சொன்னேன். "சிக்குதுங்க, நகரவே மாட்டேங்குது" என்றாள். அழுத்தத்தில் ஸ்டாக் வளைந்து குழலைத் தொட்டுக்கொண்டிருந்தது. குழல் தொட்டால் குறி நகரும். ஸ்டாக்கின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியைக் கூட்டினேன். அப்புறம் பைபாடை மாட்டியபடியே, வேட்டையில் அழுத்துகிற அதே அழுத்தத்தோடு ரேஞ்சில் குறியைச் சரிசெய்தேன். பைபாட் வாங்கினால் இந்த நோட்டுச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். செலவே இல்லை.

பாறைமேல் மட்டும் கவனம் வேண்டும். கல்லில் எந்த பைபாடும் துள்ளும், சுட்ட பிறகு குண்டு எங்கே பட்டதென்று ஸ்கோப்பில் பார்க்க முடியாது. நான் தொப்பியை மடித்து இரண்டு கால்களுக்கும் அடியில் வைத்துக்கொள்கிறேன். புல் முழங்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டால் 13 அங்குலமும் பத்தாது. உட்கார்ந்து சுட 13.5 முதல் 27 அங்குலம்வரை நீளும் ஹாரிஸ் எஸ்-25சி இருக்கிறது. நாள் முழுக்க நடக்கிற எனக்கு ரைஃபிளின் முன்பக்கம் அவ்வளவு கனப்பது ஒத்துவராது. அந்த மாதங்களில் பைபாடைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, மூன்று கால் குச்சியை எடுத்துக்கொண்டு போகிறேன்.