ஈபே ஏலத்தில் பழைய சிலோன் முத்திரைகள்: நீண்ட காலப் பாவனை அனுபவம்

பல வருடமாக ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் சிலோன் தபால் முத்திரைகள் எடுத்து வருகிறேன். நான் வாங்குவதில் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்து. அங்கே ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஏலம் முடிந்தால் கொழும்பில் நள்ளிரவு பன்னிரண்டரை. அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் ஒன்றரை. அதற்காகக் கண்விழிக்கத் தேவையில்லை. உச்ச விலையைக் கொடுத்துவிட்டால், அதுவரை தேவையான அளவு மட்டும் கூட்டிக் கூட்டித் தளமே நமக்காக விலை கேட்கும். நான் 40 டொலர் போட்டிருக்க, மற்றவர் 30உடன் நின்றால், எனக்கு 31இல் கிடைக்கும்.

கடைசி நொடியில் வந்து தட்டிச் செல்பவர்கள் மேல் பலருக்குக் கோபம். எனக்கு இல்லை. விதி அதற்கு இடம் கொடுக்கிறது, அவர் என்னைவிடக் கூடக் கொடுக்கத் தயாராக இருந்தார், அவ்வளவுதான்.

ஆள் வைத்து விலை ஏற்றுவதுதான் களவு. எப்படி நடக்கிறது என்று பாருங்கள். விற்பவரின் ஆள் 100 டொலர் போடுகிறார். திரையில் 41 என்று வருகிறது, என் உச்சம் 40 என்பது தெரிந்துவிடுகிறது. உடனே ‘தொகையைத் தவறாகத் தட்டிவிட்டேன்’ என்று சொல்லி, கேட்ட விலையைத் திரும்பப் பெற்று, 39 போடுகிறார். 31இல் முடிய வேண்டியது 40இல் முடிகிறது. தொகை தவறினாலோ, பொருளின் விவரம் பெரிதாக மாறினாலோ, விற்பவரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டாலோ மட்டும் தரப்பட்ட சலுகை அது. ஏல வரலாற்றில் பெயர்கள் மறைத்திருந்தாலும், ஒருவர் கடந்த 30 நாளில் கேட்டதில் எத்தனை வீதம் இதே விற்பனையாளரிடம் என்று பார்க்கலாம். வீதம் உயர்ந்திருப்பது மட்டும் சான்றாகாது. அதோடு திரும்பப் பெறுதலும் அடிக்கடி இருந்தால் முறையிட்டுவிட்டு அந்தக் கடைப் பக்கமே போகமாட்டேன்.

வென்றுவிட்டுக் காசு கட்டாமல் விடுவதும் அநியாயம். 2022 மார்ச்சில் 200 ரூபாவில் நின்ற டொலர் சில வாரத்தில் 300 தாண்டியபோது நமக்கெல்லாம் கஷ்டம்தான். ஆனால் விற்பவருக்கு அதில் என்ன பங்கு? வங்கி அட்டையில் உள்ள காசு, தபால் செலவு, சுங்க வரி எல்லாம் பார்த்த பிறகுதான் கேட்க வேண்டும்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு மூத்த சேகரிப்பாளர் தொலைபேசியில் அழைத்துச் சொல்வார்: “தம்பி, அதை நீர் கேளாதையும், நான் எடுக்கிறன். அடுத்தது உமக்கு.” அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் நாங்கள் பேசி வைத்து ஒதுங்கினால், தாத்தாவின் அல்பத்தை விற்க வந்த யாரோ ஒருவருக்குச் சேர வேண்டிய காசு குறைகிறது. பிரித்தானியாவில் ஏலம் கேட்காமலிருக்க வியாபாரி ஒருவர் இன்னொருவருக்குக் கைமாறு கொடுப்பது 1927 முதல் குற்றம். நாங்கள் வியாபாரிகள் இல்லை என்றாலும் செயல் அதேதான். “நீங்கள் உங்கடை விலையைப் போடுங்கோ அண்ணை, நான் என்ரை விலையைப் போடுறன்” என்று சொல்லிவிடுவேன். அவரும் கோபிப்பதில்லை. சில முத்திரைகள் அவருக்குப் போயிருக்கின்றன, சில எனக்கு வந்திருக்கின்றன.