வாய் பயாப்ஸி, ஐஹெச்சி: நான் சாம்பிள் அனுப்பும் மதுரை லேப் எப்படி?

திருமங்கலம் பக்கம் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். ஆறாத புண், வெள்ளைத் திட்டு என்று பயாப்ஸி எடுக்க வேண்டியவர்கள் அடிக்கடி வருவார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போக முடிந்தவர்களை அங்கேயே அனுப்பிவிடுவேன், மற்றவர்களுடைய சாம்பிள் ஊருக்குள் இருக்கிற ஒரு தனியார் லேபுக்குப் போகும். பெயர் வேண்டாம், கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

பெரும்பாலும் எச் அண்ட் இ என்கிற சாதாரண ஸ்டெயினிலேயே ஸ்குவாமஸ் கார்சினோமா (வாயின் மேல்தோல் செல்களில் வரும் கேன்சர்) என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் மார்க்கர் போடுவது, அதாவது செல்லில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று ஆன்டிபாடி வைத்து நிறமேற்றிப் பார்க்கும் ஐஹெச்சி, வீண் செலவு. அப்படிப்பட்ட கேஸில் "இது போதும் மேடம், அவங்க காசை மிச்சம் பண்ணுங்க" என்று ஸ்லைடு பார்த்து ரிப்போர்ட் எழுதும் பேத்தாலஜிஸ்டே போன் பண்ணிச் சொல்வார். செல்கள் அடையாளமே தெரியாமல் இருக்கும்போதுதான் சிக்கல். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஈறில் சதை வளர்ந்து பல் ஆடுகிறது என்று வந்தார். கேன்சர்தான், எந்த வகை என்று சொல்ல முடியவில்லை. வாயிலேயே தொடங்கியதாக இருக்கலாம், நுரையீரலிலிருந்து பரவியதாகவோ லிம்போமாவாகவோ (நிணநீர் செல்களில் வரும் கேன்சர்) கூட இருக்கலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஸ்குவாமஸுக்கு பி40, சிகே 5/6, நுரையீரலுக்கு டிடிஎஃப்-1, லிம்போமாவுக்கு எல்சிஏ என்று நாலு மார்க்கரும் போட்டார்கள். பி40 மாதிரியே இன்னொரு மார்க்கரான பி63 ஏன் இல்லை என்று பேத்தாலஜிஸ்டிடம் கேட்டேன். அது சில நுரையீரல் அடினோகார்சினோமாவிலும் (சுரப்பிச் செல் கேன்சர்) சில லிம்போமாவிலும்கூட ஏறிவிடும், பி40 அந்த அளவுக்கு ஏமாற்றாது என்றார். சரியான பதில். முதல் இரண்டும் பாசிட்டிவ், மற்ற இரண்டும் நெகட்டிவ், ஆக ஸ்குவாமஸ்.

ரிப்போர்ட்டோடு வந்த பி40 படம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கட்டியை மட்டும் பெரிதாக்கிக் காட்டாமல், ஓரத்தில் ஒட்டியிருந்த நல்ல எபிதீலியத்தையும் (வாயின் மேல்தோல்) சேர்த்து எடுத்திருந்தார்கள். மார்க்கர் பிடித்த நியூக்ளியஸ் பழுப்பாகும், பிடிக்காதது நீலமாகவே இருக்கும். அங்கே அடிவரிசையில் நியூக்ளியஸ்கள் கரும்பழுப்பாக நிற்கின்றன, மேலே போகப் போக நிறம் குறைந்து கடைசியில் வெறும் நீலம். கட்டிக்குள் அந்த ஒழுங்கே கிடையாது, திரும்பின பக்கமெல்லாம் பழுப்பு. நல்ல பகுதியின் அடிவரிசையே பழுப்பாகவில்லை என்றால் ஸ்டெயின் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அப்புறம் கட்டியில் நெகட்டிவ் என்று எழுதினால் நம்ப முடியாது. அதனால் பயாப்ஸி எடுக்கிறவர்கள் புண்ணின் நடுவில் மட்டும் கிள்ளாமல் ஓரத்து நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுங்கள்.

இனி திட்ட வேண்டியது. ரிசப்ஷனில் 'பேக்கேஜ்' விற்கிறார்கள். வெற்றிலை போடுகிற ஒரு அம்மாவுக்குக் கன்னத்தில் வெள்ளைத் திட்டு, நான் எச் அண்ட் இ மட்டும்தான் எழுதிக் கொடுத்தேன், அவர் மகனிடம் பேசி மார்க்கர் பேக்கேஜைத் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் பி16 வேறு. டான்சில், நாக்கின் அடிப்பகுதி கேன்சர் ஹெச்பிவி வைரஸால் வந்ததா என்று பார்க்கத்தான் பி16, அங்கேகூட 70 சதவீத செல்களிலாவது நன்றாக ஏறியிருக்க வேண்டும். கன்னத்துத் திட்டுக்கு அது எதற்கு? போதாததற்கு ரிப்போர்ட் எனக்கு வருவதற்கு முன்னாடியே மகனுடைய வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. பி40 பாசிட்டிவ், செல் பெருகுவதைக் காட்டும் கேஐ-67 பாசிட்டிவ், ரெண்டும் சிவப்பு எழுத்தில். "டாக்டரம்மா, எல்லாம் பாசிட்டிவ்னு வந்திருக்கு, அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்று ராத்திரி போன். கீழே சின்ன எழுத்தில் படித்தால் கேஐ-67 அடிப்பக்க வரிசைகளோடு நின்றுவிட்டது, பி40-உம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. நல்ல வாயிலும் அப்படித்தான் இருக்கும். பி40 சொல்வது இது ஸ்குவாமஸ் வகைச் செல் என்பதை, கேன்சரா இல்லையா என்பதை அல்ல. புகார் சொன்னதற்கு, "அந்தக் கலர் சாஃப்ட்வேர்ல வருது மேடம்" என்றார்கள்.

மற்றபடி, சொன்ன தேதிக்கு ரிப்போர்ட் வராது, ஓரிரு நாள் தள்ளும். 10 சதவீத பஃபர்டு பார்மலின் பாட்டில் அவர்களே தருகிறார்கள், துண்டைப் போல் பத்து மடங்காவது திரவம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேல் சிகிச்சைக்குச் சென்னை போகிறவர்களுக்கு பிளாக் (மெழுகில் பதித்த சதைத் துண்டு), ஸ்லைடு எல்லாம் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். பேத்தாலஜிஸ்டுக்கு அஞ்சு ஸ்டார், ரிசப்ஷனுக்கு ரெண்டு. இப்போதெல்லாம் வேண்டிய டெஸ்டை மட்டும் சீட்டில் எழுதி, மீதி இடத்தில் கோடு இழுத்து, 'ரிப்போர்ட் டாக்டர் நம்பருக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டுத்தான் அனுப்புகிறேன்.